சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. புத்தக வெளியீட்டுக் கூட்டம். நாற்பது நாற்காலி, இருபத்தாறு பேர். (எண்ணினேன். பி.காம். படித்த புத்தி, எங்கே போனாலும் எண்ணும்.) பேச்செல்லாம் முடிந்து, 'யாருக்காவது கேள்வி இருந்தா கேக்கலாம்' என்று அமைப்பாளர் மைக்கில் சொன்னார். வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் செருப்பைத் தேட ஆரம்பிப்பார்கள். அன்றைக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு இளைஞர் எழுந்தார்.

"சார், ஒரு நாவல் ஆரம்பிச்சிருக்கேன். அறுபது பக்கம் வந்திருக்கு. ஆனா அது எதைப் பத்தின நாவல்னு எனக்கே இன்னும் தெரியல. தெரிஞ்சுக்கிட்டுதான் எழுதணுமா, இல்ல எழுத எழுதத் தெரியுமா?"

மேடையில் இருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் பாட்டிலை எடுத்தோம்.

முதலில் சுதாரித்துக்கொண்டவர், "பிளான் போடாம வீடு கட்டுவீங்களா தம்பி?" என்றார். அடுத்தவர் கவிஞர். நதி, ஊற்று, பிரசவம் என்று மூன்று உவமை சொன்னார். கடைசியில் மைக் என்னிடம் வந்தது. "ரெண்டும் வேணும். கொஞ்சம் திட்டம், கொஞ்சம் சுதந்திரம்" என்றேன். கை தட்டினார்கள். அந்த இளைஞர் மட்டும் தட்டவில்லை. மரியாதையாக உட்கார்ந்துவிட்டார். கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று தெரிந்த முகம் அது. உங்களுக்கும் பழக்கப்பட்ட முகம்தான். பேங்க் கவுண்டர்களில் பார்த்திருப்பீர்கள்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. கூட்டம் முடிந்து நடந்தால், ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் நடுவில் குமரக்கோட்டம். முருகன் கோயில். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் எழுதிய இடம். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். முதல் வார்த்தையை முருகனே எடுத்துக் கொடுத்தானாம். கச்சியப்பர் தினமும் நூறு பாட்டு எழுதி, ராத்திரி அந்த ஏட்டைக் கருவறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். காலையில் திறந்து பார்த்தால் திருத்தங்கள் இருக்கும். இப்படியே பத்தாயிரத்துக்கும் மேலே பாட்டு. அரங்கேற்றத்தன்று ஒரு புலவர் எழுந்து, முதல் பாட்டின் முதல் புணர்ச்சியே இலக்கணப்படி தப்பு என்றார். அதாவது முருகன் கொடுத்த அந்த வார்த்தையே தப்பு. அடுத்த நாள் சோழ நாட்டிலிருந்து யாரோ ஒருவர் 'வீரசோழியம்' ஏட்டோடு வந்து, இந்தப் புணர்ச்சிக்கு இதோ விதி என்று காட்டிவிட்டுக் காணாமல் போனார். யார் வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

பக்தர்களுக்கு இது அற்புதம். எனக்கு இதில் வேறொரு விஷயம் கண்ணில் படுகிறது. கச்சியப்பருக்குக் கதை முன்கூட்டியே முழுசாகத் தெரியும். சூரபத்மன் யார், யார் கையில் சாகப்போகிறான், கடைசியில் யாருக்கு யாரோடு கல்யாணம், எல்லாம் வடமொழி ஸ்காந்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இதைவிடப் பக்காவான பிளான் எந்த நாவலாசிரியருக்கும் கிடைக்காது. அப்படிப்பட்டவருக்கும் முதல் வார்த்தை வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. காலையில் எழுந்து, 'நேற்று நான் எழுதியது இப்படி இல்லையே' என்று பார்க்க வேண்டியிருந்தது. நம்பிக்கை இல்லாதவர்கள் முருகனை எடுத்துவிட்டுப் படியுங்கள். எழுதுகிற எல்லோருக்கும் நடப்பதுதான் மிச்சம் இருக்கும்.

இன்னொரு பக்கம் பூசலார். திருநின்றவூர்க்காரர். கையில் காசு இல்லை. மனசுக்குள்ளேயே கல் சேர்த்து, தச்சர் வைத்து, நாள் பார்த்து ஒரு கோயிலைக் கட்டி முடித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ ராஜா நிஜக் கல்லால் கட்டிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம். சிவன் ராஜாவின் கனவில் வந்து, 'உன் விழாவைத் தள்ளிவை, நான் பூசலார் கோயிலுக்குப் போகவேண்டும்' என்றாராம். பெரிய புராணத்தில் வருகிறது. நமக்குத் தெரிந்த எழுத்தாளர்களில் பாதிப் பேர் பூசலார் வம்சம். "கதை முழுக்க மனசுல ரெடியா இருக்கு சார், எழுதறதுதான் பாக்கி!" சிவன் ஏற்றுக்கொள்வார். பத்திரிகை ஆசிரியர் ஏற்றுக்கொள்வதில்லை.

காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா, 'ஓர் இரவு' படத்துக்கு முந்நூறு பக்கத் திரைக்கதையை ஒரே இரவில் எழுதிக் கொடுத்தார் என்பார்கள். படம் 1951-ல் வந்தது. அவருக்கு என்ன சொல்லவேண்டும் என்பதில் சந்தேகமே கிடையாது. அதனால் கை ஓடியிருக்கும். இந்த ஊர் மண்ணிலேயே வேகம் இருக்கிறதோ என்னவோ.

வெளியூர்க் கதைகளும் இரண்டு பக்கமும் உண்டு. உட்ஹவுஸ் நூற்றுக்கணக்கான பக்கம் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டுதான் நாவலையே தொடங்குவார். ஸ்டீபன் கிங் நேர் எதிர். கதை என்பது மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற எலும்புக்கூடு மாதிரி, தோண்டி எடுப்பதுதான் நம் வேலை என்கிற கட்சி. நபகோவ் இதைக் கேட்டால் சிரிப்பார். அவருடைய பாத்திரங்கள் அவர் கையில் அடிமைகள், துடுப்புப் போடச் சொன்னால் போடவேண்டியதுதான். புஷ்கின் தன் கதாநாயகி தாத்தியானாவைப் பற்றி நண்பர்களிடம், 'என்ன காரியம் பண்ணிட்டா பாருங்க, கல்யாணம் பண்ணிக்கிட்டா!' என்கிற தொனியில் ஆச்சரியப்பட்டாராம். டால்ஸ்டாய் இதை எடுத்துச் சொல்வதுண்டு. எனக்குப் பிடித்தது அகதா கிறிஸ்டி. கொலைக் கதைக்குத் திட்டம் இல்லாமல் முடியுமா? அவருடைய நோட்டுப் புத்தகங்கள் எழுபத்துமூன்று கிடைத்திருக்கின்றன. திறந்து பார்த்தால், கொலைகாரன் யார் என்பதில் அவரே தடுமாறுகிறார். இவனா, அவளா, இல்லை டாக்டரா என்று அடித்து அடித்து எழுதியிருக்கிறார். ஆக, திட்டம் போடுவது என்று நாம் சொல்வதே பல சமயம் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிப்பதுதான்.

அப்படியானால் இதில் சண்டை எதற்கு? அவரவர் பழக்கம், அவரவர் சௌகரியம். சிலருக்கு டீ, சிலருக்குக் காபி. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெருமையான கதை இல்லை.

2005 வாக்கில் இருக்கும். எனக்கு இருபத்தைந்து வயது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சமயம். ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுத அனுப்பினார்கள். பத்திரிகை ஆபீசில் கிளம்புவதற்கு முன்பே ஒன்று கேட்பார்கள்: "ஆங்கிள் என்ன?" ஆளைப் பார்ப்பதற்கு முன்பே ஆங்கிள் சொல்லிவிட வேண்டும். நான் இரண்டு ஆங்கிளோடு போனேன். ஒன்று கட்டுரைக்கு. இன்னொன்று என் சொந்த உபயோகத்துக்கு, ஒரு சிறுகதைக்கு. ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிற நெசவாளி, தன் மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டுப்புடவை வாங்க முடியாமல் தவிக்கிறார். கடைசிக் காட்சியில் முதலாளி காலில் விழுகிறார். பஸ் ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் கடைசி வரிவரைக்கும் ரெடி. ('காஞ்சிவரம்' படம் 2008-ல் வந்தபோது, என் கதையைத் திருடிவிட்டார்கள் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன். உண்மையில் அந்த எண்ணம் பட்டு என்ற வார்த்தையைக் கேட்ட எல்லோர் தலையிலும் இருந்தது. படத்தில் அந்தக் காலமும் அந்த மனுஷனும் இருந்தார்கள், அதனால் நின்றது. என்னிடம் எண்ணம் மட்டும்தான்.)

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு. குழித்தறி. அவர் தறிக்குள் உட்கார்ந்திருந்தார், ஐம்பது வயசு இருக்கும். கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓடும். இரண்டை இவர் பார்த்துக்கொள்வார். மூன்றாவதை அந்தப் பக்கம் உட்கார்ந்து வாங்கிப் போட இன்னொரு ஆள் வேண்டும். அங்கே அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ முடித்தவள். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் அவள் கை சரியாக ஓடியது. ஒவ்வொரு ஓட்டத்திலும் கரை இழையும் உடல் இழையும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன. இது போதாதென்று, முந்தானைக்கு வேறு நிறம் என்றால் பாவு இழைகளையே ஒவ்வொன்றாக மாற்றிப் பிணைக்க வேண்டும். அதற்குப் பெட்னி என்று பெயர். ஒரு சேலைக்குப் பதினைந்து நாளுக்கும் மேலே ஆகும் என்றார். நெய்த பாகம் மரத்தில் சுருண்டுகொண்டே போவதால், எந்த நேரத்திலும் கண்ணெதிரே இருப்பது ஒரு முழம்கூட இல்லை.

உடனே எனக்குள் இருந்த எழுத்தாளன் விழித்துக்கொண்டான். "நெய்யும்போது பாதியில டிசைனை மாத்தலாம்னு தோணுமா ஐயா?" என்று கேட்டேன்.

"மாத்தினா கூலி யாரு தம்பி குடுப்பா?"

அதோடு அந்த உவமை செத்தது. கிராஃப் தாளில் கட்டம் போட்டு, அட்டை குத்தி, ஜக்கார்டில் ஏற்றியது. இதில் அவர் எதைக் கண்டுபிடிப்பது? நெசவையும் எழுத்தையும் ஒப்பிட்டு யாராவது மேடையில் பேசினால் இப்போதெல்லாம் எனக்குக் கூசும்.

கிளம்பும்போது என் கதைக்குத் தேவையான கேள்வியை அவர் மனைவியிடம் கேட்டேன். "பொண்ணுக்கு ஒரு பட்டு எடுக்கணும்னு ஆசை இருக்கும் இல்லியாம்மா?"

அந்த அம்மா சிரித்தார். "அவளுக்குப் பட்டே புடிக்காது தம்பி. அந்த வாசனையே ஆகாதாம். சுடிதார்தான்." அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி நாடாவை வாங்கிப் போட்டாள்.

நோட்டில் குறித்துக்கொண்டேன். 'பட்டு வாசனை ஆகாது.' அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. கதையில் அந்த வரி இல்லை. எப்படி வைப்பது? பட்டே பிடிக்காத பெண்ணுக்காக அப்பா எதற்கு முதலாளி காலில் விழ வேண்டும்? கடைசிக் காட்சி இடிந்துவிடும். நான் காட்சியை வைத்துக்கொண்டு பெண்ணை விட்டேன். கதையில் அவள் கண்ணீரோடு பட்டுக்கடை வாசலில் நின்றாள்.

அக்கவுண்டன்சி படித்தவர்களுக்குத் தெரியும். டிரயல் பேலன்ஸ் போடும்போது டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகவில்லை என்றால், எங்கே தப்பு என்று தெரியும்வரை அந்த வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒரு கணக்கில் வைப்போம். அது ஒரு நேர்மையான ஏற்பாடு. இங்கே ஏதோ உதைக்கிறது, என்னவென்று இன்னும் தெரியவில்லை என்று எழுத்திலேயே ஒப்புக்கொள்வது. தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அந்தக் கணக்கை மூடலாம். நான் செய்தது வேறு. டேலி ஆகவேண்டும் என்பதற்காக ஒரு எண்ணையே அழித்தேன். வாத்தியார் பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

கதை அச்சில் வந்தது. பாராட்டு வந்தது. நான் புத்திசாலித்தனமாக ஒரு பிரதியை அந்த வீட்டு முகவரிக்கு அனுப்பி வைத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு இன்லாண்ட் லெட்டர். அந்தப் பெண்தான் எழுதியிருந்தாள். கதை நன்றாக இருந்தது, அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அம்மா அழுதார்கள் என்றெல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு விஷயம்: எங்க அப்பா யார் காலிலும் விழ மாட்டார், அதை மட்டும் மாற்ற முடியுமா சார்?

அச்சானதை எப்படி மாற்றுவது? பதில் போடவில்லை. அவள் புத்தியில்லாமல் கேட்கிறாள், கற்பனைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயர் வேறு, தெரு வேறு, கற்பனைக் கதைதானே?

இதற்கு நான் பதில் கண்டது ஜெயகாந்தனிடம். 1966-ல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில் காருக்குள் ஏற்றப்பட்டுக் கெடுக்கப்பட்ட கல்லூரிப் பெண் வீட்டுக்கு வருகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான். ஊரே கொதித்தது. இப்படி ஒரு அம்மா இருப்பாளா என்று கேட்டார்கள். ஒரு எழுத்தாளர் அங்கே என்ன செய்யலாம்? என் கதை, என் முடிவு என்று போகலாம். இல்லை, பயந்து பின்வாங்கலாம். அவர் மூன்றாவதாக ஒன்று செய்தார். சரி, அம்மா அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று போய்ப் பார்த்தார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கிய நாவல். அதில் கங்கா, பத்திரிகையில் ஒரு கதை படிக்கிறாள். அவளுக்கு நடந்த அதே கதை. ஆனால் அந்தக் கதையில் அம்மா நல்லவளாக இருக்கிறாள். தன் நிஜ அம்மாவை நினைத்துக்கொள்கிறாள். கவனியுங்கள், ஒரு எழுத்தாளர் தன் பாத்திரத்தைத் தன்னுடைய கதையையே படிக்க வைக்கிறார். எனக்கு இப்படி நடக்கவில்லையே என்று அவள் சொல்ல இடம் கொடுக்கிறார். அவளைக் கெடுத்த பிரபு வில்லனாக வராமல், பரிதாபமான ஒரு மனுஷனாக வந்து நிற்கிறான். இதைச் சிறுகதையில் வருகிற அந்தக் கார்க்காரனை வைத்து யார் ஊகித்திருக்க முடியும்? அதோடும் விடவில்லை. மூன்றாவதாக ஒரு நாவல் எழுதினார். அதன் தலைப்பே ஒரு கேள்வி, 'கங்கை எங்கே போகிறாள்'.

எனக்கு வந்த இன்லாண்ட் லெட்டரும் அதே கேள்விதான். எனக்கு இப்படி நடக்கவில்லையே என்பதுதான். ஜெயகாந்தன் நாவல் எழுதினார். நான் பதில்கூடப் போடவில்லை.

இப்போது கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சம்பவங்களைத் திட்டமிடுவதில் எந்தத் தப்பும் இல்லை தம்பி. கொலை எங்கே, ரயில் எத்தனை மணிக்கு, யார் யாருக்கு என்ன உறவு, எல்லாம் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் இல்லாமல் தொடர்கதை எழுதி, எட்டாவது வாரம் செத்துப்போன மாமியார் முப்பதாவது வாரம் காபி கலந்துகொண்டு வந்த கதையெல்லாம் நம் ஊரில் உண்டு. ஆனால் தீர்ப்பைத் திட்டமிடுவது வேறு விஷயம். 'இது ஏழ்மையைப் பற்றிய கதை' என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், அதில் வருகிற ஆள் ஏழையாக மட்டும்தான் இருக்க முடியும். அவர் சிரித்தால் நீங்கள் வெட்டுவீர்கள். பட்டு பிடிக்காது என்றால் வெட்டுவீர்கள். இல்லாத ஒரு ஆளிடம் இதைச் செய்யப் பழகிய கை, இருக்கிற ஆளிடமும் செய்யும். நான் சொல்கிறேன், இருபது வருஷமாகப் பத்திரிகையில் இருக்கிறேன்.

'அதெல்லாம் சும்மா, பாத்திரமாவது பேசுவதாவது, எழுதுவது நீதானே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். நபகோவ் பக்கம் நியாயம் இருக்கிறது. காகிதத்தில் இருக்கிற பெண் தானாக எதையும் செய்ய முடியாது. 'என் கதாநாயகி கேட்கவில்லை, அவளே போய் தற்கொலை பண்ணிக்கொண்டாள்' என்று சொல்கிற எழுத்தாளர்களைக் கண்டால் எனக்கும் சந்தேகம்தான். பல சமயம் அது சோம்பேறித்தனம். போன வாரம் பார்த்த சினிமா கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, கண்டுபிடிப்பு என்று பெயர் சொல்லிக்கொள்ளும். திட்டமே போடாமல் எழுதினால் மட்டும் புது மனுஷர் வந்துவிடுவதில்லை. நமக்குள் ஏற்கெனவே நெய்து வைத்த பழைய சேலைதான் பெரும்பாலும் வரும். (நெசவு உவமை கூடாது என்று சொல்லிவிட்டு நானே போடுகிறேன். மன்னிக்கவும்.) அறுபது பக்கம் எழுதியும் எதைப் பற்றி என்று தெரியவில்லை என்றீர்களே, அந்தத் தெரியாமையைக் கொஞ்ச நாள் தாங்கிக்கொள்ள முடிகிறதா என்பதுதான் கஷ்டமான பாகம். ஆசிரியர் ஆங்கிள் கேட்பார். நண்பர் ஒன்லைன் கேட்பார். தெரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். கூச்சம் தாங்காமல்தான் நாம் ஏதோ ஒரு தீமைச் சொல்லித் தொலைக்கிறோம். அப்புறம் அதற்குக் கட்டுப்பட்டு எழுதுகிறோம்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை பிள்ளையார்பாளையம் போனேன். தெருவைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. அந்த வீட்டில் தறிச் சத்தம் இல்லை. பக்கத்துத் திண்ணையில் ஒரு பெரியவர். அவர்கள் குடி மாறி வருஷக்கணக்காகிவிட்டது என்றார். நெசவாளி, கொரோனாவுக்கு முன்பே போய்விட்டாராம். பெண் கல்யாணமாகி ஸ்ரீபெரும்புதூர் பக்கம், கம்பெனி வேலை. "நீங்க சொந்தமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்ன?" என்றார். அதற்குப் பதில் சொல்ல வரவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. பழைய நோட்டைக் கொண்டுவந்திருந்தேன். 'பட்டு வாசனை ஆகாது' என்ற வரிக்குக் கீழே, 'ஏன்?' என்று எழுதினேன். அன்றைக்கே அவளிடம் கேட்டிருக்கலாம். அவள் ஆறடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சுங்குவார்சத்திரம் வருவதற்குள் ஆறு காரணம் எழுதினேன். சாயப்பட்டறை வாசனை, சின்ன வயசில் ஸ்கூல் போகாமல் தறியில் உட்கார்ந்தது, இப்படி. ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றிலும் அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆறையும் அடித்தேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் முடிந்த பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். எல்லோரும் சுடிதார், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், நோட்டில் அடித்திருந்ததை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள்.